குதிரையின் வயிற்று வார்

மறைமலைநகரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில், பிறர் செய்த பொருளில் குறை கண்டுபிடிப்பதுதான் என் வேலை. வருடக்கணக்காகச் சம்பளம் வாங்கிக்கொண்டு சந்தேகப்பட்டதில் அந்தப் புத்தி வீடுவரை வந்துவிட்டது. என் மனைவி பார்த்து வாங்கிய மீனின் செவுளை நான் மறுபடி தூக்கிப் பார்ப்பேன். அவள் திட்டுவாள்.

எங்கள் மகளுக்குப் பத்து வயது. ஞாயிறு காலையில் முட்டுக்காட்டுப் பக்கம் ஒரு லாயத்தில் குதிரையேற்றம் கற்கிறாள். சேணத்தைக் குதிரையின் வயிற்றோடு இழுத்துக் கட்டும் தோல் வார் அறுந்தால், சேணத்தோடு அவளும் கீழே வருவாள். அந்த வாரில் தையல் பிரிந்திருந்ததைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. புதிதாக ஒன்று வாங்கிக் குதிரைக்காரர் கையில் கொடுத்தேன்.

நாலு ஞாயிறு புதிதுதான் இருந்தது. ஐந்தாவது ஞாயிறு போனால், பழைய வாரையே தடித்த நூலால் தைத்து மாட்டியிருக்கிறார். புதியதை விற்றுவிட்டார் என்று முடிவே கட்டிவிட்டேன். முதலிலிருந்தே அந்த ஆளை எனக்குப் பிடிக்காது. மனிதர் முகம் பார்த்துப் பேசமாட்டார், குதிரையோடு மட்டும் பேசிக்கொண்டிருப்பார்.

லாயத்து முதலாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே கேட்டேன். "நான் வாங்கிக் குடுத்த பெல்ட் எங்க?"

குதிரைக்காரர் உள்ளே போய் எடுத்து வந்தார். கொக்கியைப் பிடித்து ஒரு இழு இழுத்தார். தையல் கையோடு வந்துவிட்டது.

"எண்ணெ ஊறி நூலு மக்கிப் போச்சு சார். அதான் பழசயே தச்சு மாட்னேன்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நான்தான் ஊத்துனேன்னுவ."

முதலாளி அதையேதான் சொன்னார். "சாமான் கீற ரூமுக்கு உன்ன வுட்டா யாரு போறா? நாளைலேர்ந்து வராத."

ஊற்றியது நான்தான். கடல்காற்றில் கொக்கி துருப்பிடிக்கும், இந்த ஆள் துடைக்கமாட்டார் என்று, ஒவ்வொரு ஞாயிறும் அவர் குதிரைக்குத் தண்ணீர் காட்டப் போன நேரம் பார்த்து அந்த அறைக்குள் நுழைந்து, இரும்புக்குப் போடும் எண்ணெயைத் தாராளமாக விட்டு வந்தேன். எங்கள் தொழிற்சாலையில் எதையும் எண்ணெய் தடவாமல் வைக்கமாட்டோம். அதைத் தோலும் நூலும் குடிக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

சொல்ல வாயெடுத்தேன். அவமானமாக இருந்தது; பிரிந்த வாரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மகள்தான் சொன்னாள்.

"அப்பாதான் ஊத்துவாரு. பாட்டில் கார்ல இருக்கு."

முதலாளி குதிரைக்காரரிடம், "சரி, வேலையப் பாரு" என்று சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பாமலே போனார். குதிரைக்காரர் பழைய வாரை இறுக்கினார். அடியில் இரண்டு விரலை விட்டுப் பார்த்து, மகளை ஏற்றிவிட்டார். சரியாக இருக்கிறதா என்று பார்க்க நானும் குனிந்தேன்.

"நீ கொஞ்சம் தள்ளி நில்லு சார்," என்றார்.