சாராள் அத்தையின் ஞானஸ்நானம்

உலக்கை விழும் சத்தமும் உமி மணமும் இல்லாமல் வேதத்தின் பத்துக் கற்பனைகளை என்னால் இன்றும் நினைக்க முடியாது. பழவேற்காட்டை "உலாந்தாக்காரர்", அதாவது டச்சுக்காரர், ஆண்ட காலம் அது; ஒரு துரை வீட்டுக் கொல்லையில் என் அத்தை செங்கேணி நெல் குத்துவாள், குத்துக்கு ஒரு சொல்லாக உபதேசியார் கற்பித்த பாடத்தைச் சொல்லிக்கொண்டே போவாள், எதிரே உட்கார்ந்து நான் அதைத் திருப்பிச் சொல்லுவேன். நைனாவின் ஒரே தங்கை அவள். பஞ்சத்தில் அரிசிக்காகத் தாத்தா அவளை அந்தத் துரைக்கு விற்றுவிட்டார்.

தோணிரேவுக் குப்பத்தில் எங்கள் வீட்டார் ஞானஸ்நானத்துக்கு ஆயத்தமானபோது அத்தையும் சேர்ந்தே பாடம் கேட்டாள். நாங்கள் தலைகுனிந்து வெள்ளிக் கிண்ணத்துத் தண்ணீரை வாங்கிய அன்று, அவள் கோயில் வாசலில் துரைசாணியின் குடையோடு வெயிலில் நின்றாள். "ஆயத்தம் போதாது" என்றார் பாதிரியார். அடுத்த முறையும் அதையேதான் சொன்னார். சொல்லிக்கொடுத்தவளுக்கு ஆயத்தம் போதாதாம், அவளிடம் கேட்டுப் படித்த வாண்டு எனக்குப் போதுமாம்!

உபதேசியார்தான் மனசு கேட்காமல் ஒரு நாள் நைனாவிடம் உடைத்தார்.

"ஞானஸ்நானம் குடுத்த அடிமைய விக்கக் கூடாதுனு இவங்க சபையில ஒரு முறை இருக்குதுப்பா. துரை இவள விக்கப் பாக்கறாரு. அதான் பாதிரியார்கிட்ட குடுக்க வோணாங்கறாரு."

தெரியாமல் செய்திருந்தால் மன்னித்திருப்பேன். வேதம் என்ன சொல்கிறது என்று நன்றாகத் தெரிந்து, அதற்குப் பயந்துதான் அவர்கள் கிண்ணத்தை மூடிவைத்தார்கள்.

விற்ற அடிமைகளை ஏற்றிப்போகக் கப்பல் வந்தது. கரையிலிருந்து கப்பலுக்கு ஆள் ஏற்றும் "சலங்கு" வலிக்க எங்கள் ஆட்களைத்தான் பிடிப்பார்கள்; அத்தை ஏறிய படகில் நைனாவே துடுப்புப் பிடிக்க வேண்டியதாயிற்று. நான் மணலில் நின்று பார்த்தேன். அலை தாண்டியதும் படகு நின்றது. நைனா துடுப்பைப் போட்டுவிட்டுக் கடல்நீரைக் கை நிறைய அள்ளி, பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தில் தங்கை தலையில் ஊற்றி, அவள் வெகுநாளாக ஆசைப்பட்டிருந்த சாராள் என்ற பெயரை இட்டதைப் பிறகு உடன் போனவர்கள் சொன்னார்கள். "நானு இப்போ கிறிஸ்தவச்சி, என்ன விக்கக் கூடாது" என்று அவள் கத்தினாளாம். துரையின் ஆட்கள் சிரித்தார்களாம்.

கப்பல் இன்னும் நங்கூரம் எடுக்கவில்லை. பாதிரியார் ஒரு வார்த்தை சொன்னால் அத்தை திரும்பிவிடுவாள் என்று நைனா கரை இறங்கிய ஈர வேட்டியோடு அவர் வீட்டுக்கு ஓடினார், நானும் பின்னால் ஓடினேன். பாதிரியார் வாசற்படியை விட்டு இறங்கவில்லை. வலை இழுக்கிறவன் கொடுத்தது ஞானஸ்நானம் ஆகாது, செல்லாது என்றார்.

"மூணு பேரு நாமத்துலதானே அய்யா குடுத்தேன்," என்றார் நைனா. "இன்னும் யாரு நாமம் வோணும்? துரையோடதா?"

கதவைச் சாத்திவிட்டார். பொழுது சாய்வதற்குள் கப்பல் பாய் விரித்துவிட்டது. நைனாவைச் சபை நடுவில் மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள், அவர் கேட்கவில்லை. கோயிலில் அப்பமும் ரசமும் வாங்கும் இராப்போசனத்திலிருந்து தள்ளிவைத்தார்கள், அப்படியே செத்தும் போனார்.

இப்போது உலாந்தாக்காரர் கொடி இல்லை. கோட்டை கல்லும் முள்ளுமாகக் கிடக்கிறது, அந்தக் கோயிலுக்குக் கூரையும் இல்லை. துரையின் கல்லறை மட்டும் பூவேலையும் எழுத்துமாக அப்படியே நிற்கிறது, அதன் நிழலில் ஆடுகள் படுக்கின்றன. புதிய கோயிலில் எந்தக் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தாலும் நான் சாராள் பெயரை உரக்கச் சொல்லுவேன். போன மாதம், புதிதாக வந்த உபதேசியார் எரிச்சலோடு கேட்டார்.

"அது யாரும்மா? அந்தப் பேர்ல நம்ம சபையில ஆளே இல்லியே."

"இல்லதான்," என்றேன். "வித்துட்டீங்களே."