ஈயம் வைக்காத இணைப்பு

தலை டேஷ்போர்டுக்கு அடியில், கால்கள் கார் கதவுக்கு வெளியே. வயரில் மின்சாரம் வருகிறதா என்று பார்க்கும் டெஸ்ட் லேம்பின் கவ்வியைப் பல்லில் கடித்துக்கொண்டே பேசுவதால், அவர் யாரைத் திட்டுகிறார் என்று பாதி நேரம் புரியாது. இடது கை ஒரு வயரைச் சுண்டி இழுக்கும். அது எங்கே ஆடுகிறது என்று வலது கை தடவிப் பார்க்கும். "வந்தாளா? வந்தா. எங்க போறா? அதச் சொல்ல மாட்டேங்கறா." வயர்கள் எல்லாம் அவருக்குப் பெண்கள். ஃப்யூஸ் பெட்டி பிறந்த வீடு, விளக்கோ ஹாரனோ புகுந்த வீடு.

தெருவில் அவரைப் பல்புக்காரர் என்பார்கள். அறுபதைத் தொட்டுவிட்ட கார் எலக்ட்ரீஷியன். என்னைவிட மூத்த கார் ஒன்றை வாங்கி, பழையபடி ஓட வைக்கும் ஆசையில் அவரிடம் விட்டிருந்தேன். எங்கெங்கோ தேடி அதன் வயரிங் படத்தைப் பிடித்து, பெரிதாக அச்சடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கினார், நாலாக மடித்தார், ஆடிக்கொண்டிருந்த மேசைக் காலுக்கு அண்டக் கொடுத்தார்.

"படம்ங்கறது கல்யாணப் பத்திரிகை மாதிரி சார். அதப் பாத்துட்டு உள்ள குடும்பம் எப்படி நடக்குதுன்னு சொல்ல முடியுமா?"

டேஷ்போர்டைக் கழற்றியபோது, எதிலும் சேராமல் ஏழு கப்ளர்கள் தொங்கின. வயர் முனைகளைக் கோத்துவைக்கும் விரல்நுனி அளவுக் கூடுகள். எது எதற்கு என்று எழுதியா வைத்திருக்கும்? பத்து நாளில் ஆறைக் கண்டுபிடித்தார். ஒன்று கடிகாரத்துக்கு. ஒன்று சாம்பல் கிண்ணத்து விளக்குக்கு. இன்னொன்று, இந்தக் காரில் பொருத்தாமலே விட்டுவிட்ட ஹீட்டருக்கு. "பாவம், மாப்பிள்ளையே வராத கல்யாணம்" என்று அதை மட்டும் மெதுவாக ஓரத்தில் ஒதுக்கினார்.

அவர் பொறுமையெல்லாம் வயரோடு சரி. மனிதர்களிடம் கிடையாது. டீ சுட்டாலும் குற்றம், ஆறினாலும் குற்றம். மோசமான இணைப்பு எதைக் கண்டாலும் "மச்சான் வேலை" என்பார். நான் அதை ஏதோ தொழில்காரர் பேச்சு என்றே நினைத்திருந்தேன். கடை மூலையில் உட்கார்ந்து வயர்களுக்கு டேப் சுற்றும் அவர் மனைவியின் கை, அந்தச் சொல்லைக் கேட்டதும் ஒரு நொடி நின்றுவிடுவதைப் பார்த்த பிறகுதான் பக்கத்துக் கடைகளில் விசாரித்தேன்.

நிஜ மச்சான்தான். அந்த அம்மாளின் அண்ணன். பல்புக்காரரும் அவரும் சேர்ந்து நடத்திய கடை அது. பதினெட்டு வருடங்களுக்கு முன்பு, அவர்கள் வயரிங் செய்து அனுப்பிய கார் ஒன்று நடுரோட்டில் தீப்பிடித்தது. ஓட்டியவருக்கு இரண்டு கைகளும் வெந்துபோயின. எரிந்ததைப் பிரித்துப் பார்த்தபோது, ஈயம் வைத்துப் பற்றவைக்காமல் வெறுமனே முறுக்கிவிட்ட இணைப்பு ஒன்று அகப்பட்டது.

"ஈயம் வைக்காம நான் ஒரு ஜாயின்ட் விட்டதில்ல. அப்ப இது யாரு வேலை?" என்று தெருவே கேட்கும்படி கத்தினார் பல்புக்காரர்.

அதற்குப் பிறகு மச்சானை ஒருவரும் வயரைத் தொட விடவில்லை. ஊர்க்கோடியில் பேட்டரி விற்கிறார். தங்கை அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அண்ணன் மகள் கல்யாணத்துக்கும் போகவில்லை.

ஏழாவது கப்ளரிலிருந்து கிளம்பிய பச்சை வயர், தரை விரிப்புக்கு அடியில் பின்சீட்டு வரை ஓடி, அங்கே துண்டாகி நின்றது. நடுவில் இருந்த இணைப்பின் டேப்பைப் பிரித்தார். ஈயம் இல்லை. வெறும் முறுக்கு.

"பாத்தியா? உங்கண்ணன் கை! போன இடமெல்லாம் கொள்ளி வச்சுட்டுப் போயிருக்கான்."

மனைவி நிமிரவில்லை.

அந்த வயர் எதற்கு என்று கேட்க, எனக்குக் காரை விற்ற டாக்டரம்மாவைப் போனில் அழைத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

"பின்சீட்ல ஒரு லைட்டு இருந்துச்சுப்பா. நான் வீடு வீடா நோயாளிங்களப் பாக்கப் போறப்ப என் பொண்ணு கார்லயே உக்காந்து படிப்பா. பல்புக்காரர்தான் போட்டுக் குடுத்தாரு."

"அவரோட மச்சான் போட்டிருப்பாரும்மா."

"அவரு எங்க போட்டாரு? அவருதான் மஞ்சக்காமாலைல என் ஆஸ்பத்திரில படுத்துக் கெடந்தாரே! இவரு தனியாத்தான் வந்தாரு. கரண்டு இல்ல, இப்போதைக்கு முறுக்கி விடறேன், அடுத்த வாரம் ஈயம் வச்சுடலாம்னாரு. அப்புறம் இவரும் வரல, நானும் மறந்துட்டேன். ஏம்பா, லைட்டு எரியலையா?"

பல்புக்காரர் காருக்குள்ளிருந்து வெளியே வர வெகுநேரம் ஆயிற்று. வந்து, கையைத் துடைக்காமல் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"எரிஞ்ச வண்டில இருந்தது என் ஜாயின்ட்டுன்னு இதுக்கு அர்த்தமில்ல சார்" என்றார். துடைக்காத கையைப் பார்த்துவிட்டு, "இல்லன்னும் அர்த்தமில்ல."

மூலையிலிருந்து மனைவி பேசினார். "அண்ணன் அன்னிக்கு ஒண்ணே ஒண்ணுதான் சொன்னான். 'உன் வீட்டுக்காரன் கையையும் கொஞ்சம் பாரு'ன்னு. நான்தான் பாக்கல."



மறுநாள் அந்த இணைப்பில் ஈயம் வைத்தார். பின்சீட்டில் புது விளக்கும் மாட்டினார். நாலாம் நாள் காரை ஓட்டிப் பார்க்க நான் கிளம்பியபோது, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து முன்சீட்டில் ஏறினார். மனைவி பின்னால் ஏறிக்கொண்டார். எங்கே என்று கேட்டேன். "பேட்டரி கடைக்கு" என்றார். வழி நெடுக ஒரு சத்தத்தையும் குறை சொல்லவில்லை.

சின்னக் கடை. மச்சான் மெலிந்த மனிதர். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒரு பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். தங்கையைக் கண்டதும் ஊற்றிய தண்ணீர் வழிந்தது. "வாம்மா" என்றார். பிறகு பல்புக்காரர் பக்கம் திரும்பி, "சொல்லுங்க சார், என்ன வண்டிக்கு?"

பல்புக்காரர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். டாக்டரம்மா சொன்னது, பச்சை வயர், தன் முறுக்கு. "தெருவுல ஒவ்வொரு கடையா ஏறி நானே சொல்லிடறேன் மச்சான்."

"யாருகிட்ட சொல்லுவீங்க? அன்னிக்குக் கேட்டவங்கள்ல பாதிப் பேரு இல்ல. கை வெந்தவரு, என்னப் பாத்தா ரோட்டத் தாண்டி அந்தப் பக்கம் போயிடுவாரு. போன வருஷம் அவரும் போய்ச் சேந்துட்டாரு. அவருகிட்டயும் போய்ச் சொல்லிட்டு வருவீங்களா?"

கடையில் இரண்டு நாற்காலிகள் கிடந்தன. ஒன்றை இழுத்து, தன் தோள் துண்டால் துடைத்து, தங்கையை உட்கார வைத்தார். பல்புக்காரர் மற்றதைப் பார்த்தார். மச்சான் குனிந்து, தரையிலிருந்த பேட்டரி ஒன்றை இரண்டு கைகளாலும் தூக்கி அந்த நாற்காலிமேல் வைத்தார்.