பச்சையம்மா பெயரை நான் போடவில்லை

வீராசாமி தாத்தா இன்று காலை தவறிவிட்டார். செர்டாங் பக்கத்து எஸ்டேட்டில், மகள் வீட்டில்.

லெட்சுமி அக்காதான் போன் பண்ணினார். "அப்பா போயிட்டாரு மா. நீங்க எடுத்தீங்களே ஒரு போட்டோ, அத பெருசா அனுப்புங்க லா. பேனர் அடிக்கணும். வேற நல்ல போட்டோ ஒன்னும் இல்ல."

அனுப்பினேன். அனுப்பிவிட்டு ஆபீஸ் கார் பார்க்கிலேயே உட்கார்ந்திருக்கிறேன். மேலே போகப் பிடிக்கவில்லை.

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று இங்கே ஃபேஸ்புக்கில் பலருக்குத் தெரியும். தோட்டக் கம்பெனியில் சி.எஸ்.ஆர்... மரம் நடுவது, பிள்ளைகளுக்கு ஸ்கூல் பேக் கொடுப்பது, வருஷா வருஷம் பளபளக்கும் தாளில் சஸ்டெய்னபிலிட்டி ரிப்போர்ட் போடுவது.

ஒரு வருஷம், அந்தப் புத்தகத்தில் கம்பெனி அந்தக் காலத்திலிருந்தே தொழிலாளர்களை எப்படிக் கவனித்துக்கொண்டது என்று நாலு பக்கம் சேர்க்கச் சொன்னார்கள். பழைய ஃபைலைக் குடைந்ததில் ஒரு வரி மாட்டியது. மலாயாவில் வெள்ளைக்காரன் போட்ட எமர்ஜென்சி காலத்தில் இந்த எஸ்டேட்டில் பொது அடுப்படி நடந்ததாம், எல்லாருக்கும் அங்கேயே சோறு ஆக்கிக் கொடுத்தார்களாம்.

எனக்கு லாட்டரியில் நம்பர் அடித்த மாதிரி சந்தோஷம். அந்தக் காலத்திலேயே உணவுத் திட்டம்!

அந்த அடுப்படியில் வேலை செய்தவர்களில் உயிரோடு இருந்தது வீராசாமி தாத்தா மட்டும்தான். போய்ப் பார்த்தேன். "அந்த உணவுத் திட்டம் பத்திச் சொல்லுங்க தாத்தா" என்றதும் சிரித்துவிட்டார்.

"திட்டமாவது ஒன்னாவது... வீட்டுல அரிசி இருந்தா காட்டுல இருக்கிற கம்யூனிஸ்டுக்குப் போயிருமாம். அதான் ஆக்கிக் குடுத்தான். ஆக்கின சோறு மறுநாளே ஊசிப்போயிரும்ல? யாருக்கும் எடுத்துட்டுப் போவ முடியாது. அதுக்குத்தான் மா அடுப்படி."

சுற்றி முள்கம்பி வேலி. ஒரே கேட். ரப்பர் மரம் சீவப் போகிறவர்கள் ஒரு பருக்கை கூட வெளியே கொண்டுபோகக் கூடாது. கேட்டில் போலீஸ்காரர்கள் எல்லாரையும் வரிசையில் நிறுத்திச் சோதிப்பார்கள். பால் எடுத்து முடித்துத் திரும்பும் வரை பட்டினிதான்.

அந்த வரிசையில் நின்றவர்தான் பச்சையம்மா.

"வாயும் வயிறுமா இருந்துச்சு அந்தப் பொண்ணு. எனக்குச் சொந்தம்லாம் இல்ல. நிக்க முடியாம தூணைப் புடிச்சிக்கும். ஒரு நாளு எனக்கு மனசு கேக்கல. ஒரு உருண்ட சோத்தை எலையில கட்டி, அதோட பால் வாளிக்குள்ள நாந்தான் வச்சேன். மூடியும் நாந்தான் போட்டேன்."

கேட்டில் அந்த மூடியைத் திறந்துவிட்டார்கள்.

"யாரு குடுத்தான்னு கேட்டாங்க. அது வாயே தொறக்கல. என் பக்கம் திரும்பக்கூட இல்ல மா. திரும்பியிருந்தா நான் மாட்டியிருப்பேன். நான் அகப்பையப் புடிச்சிக்கிட்டு சும்மா நின்னேன்..."

கம்யூனிஸ்டுக்குச் சோறு கடத்தினாள் என்று லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்களாம். பிறகு இந்தியாவுக்குக் கப்பல் ஏற்றிவிட்டார்கள் என்று கேள்வி. பிள்ளை பிறந்ததா இல்லையா, அதுகூடத் தாத்தாவுக்குத் தெரியாது.

துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பெற்ற மகளிடம்கூடச் சொன்னதில்லையாம்.

"புக்குல போடு மா. சோத்தை வச்சது வீராசாமி, பச்சையம்மா இல்லன்னு போடு. ஒரு வரி போதும். லெட்சுமி அதுலயே படிச்சுக்கட்டும். என் வாயால சொல்ல வரல."

"கண்டிப்பா போடுறேன் தாத்தா." அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

அப்புறம் கோயில் அண்டா பக்கத்தில் நிற்கவைத்து, "கொஞ்சம் சிரிங்க தாத்தா" என்றேன். கண் இன்னும் காயவில்லை. எனக்காகச் சிரித்தார்.

டிராஃப்டில் அந்த வரி இருந்தது. மேலே இருந்து, "ரொம்ப நெகட்டிவா இருக்கே" என்று ஒரே ஒரு மெசேஜ். அவ்வளவுதான். யாரும் என்னை மிரட்டவில்லை. நான் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை, நானே அழித்தேன்.

அழித்ததோடு விட்டேனா? போட்டோவுக்குக் கீழே நானே எழுதினேன்: "அன்போடு பசியாற்றிய கைகள்."

புத்தக வெளியீட்டில் மாலை போட்டு, பரிசுக்கூடை ஹேம்பர் கொடுத்தோம். லெட்சுமி அக்கா அந்தப் பக்கத்தைச் சத்தமாகப் படித்தார். தாத்தா புத்தகத்தைப் பார்க்கவே இல்லை... மகள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

படித்து முடித்ததும் என்னிடம் மெதுவாகக் கேட்டார். "பச்சையம்மா எந்தப் பக்கம் மா?"

"அடுத்த வருஷ புக்குல வருது தாத்தா."

பொய். அடுத்த வருஷம் முழுக்க சோலார் பேனல்தான்.

தீபாவளிக்குப் போன் பண்ணினால், "வந்திருச்சா மா?" என்பார். கோபமாக இல்லை, சாதாரணமாகத்தான் கேட்பார். இரண்டு தீபாவளி சமாளித்தேன். மூன்றாவது தீபாவளிக்கு நான் போனே பண்ணவில்லை. அதற்குப் பிறகும் பண்ணவில்லை.

இப்போதுதான் லெட்சுமி அக்கா பேனரை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அதே போட்டோ. கீழே பெரிய எழுத்தில், அன்போடு பசியாற்றிய கைகள்.

"நீங்க எழுதினதையே போட்டுட்டோம். நல்லா இருக்கா மா?"

பதில் போட முடியவில்லை. அக்கா, இதுதான் என் பதில். புத்தகத்தில் நீங்கள் படித்திருக்க வேண்டியதை இங்கே படிக்கிறீர்கள். என்னைத் திட்டுங்கள். அவரைத் தப்பாக நினைக்காதீர்கள்.

தாத்தா... ரொம்ப லேட். தெரியும்.

பால் வாளிக்குள் சோற்றை வைத்தது வீராசாமி. பச்சையம்மா இல்லை.

போயிட்டு வாங்க தாத்தா.