ஆணியில் இருந்த கோட்டு

என் பக்கத்து வீட்டுப் புர்மகானை எங்கள் பனிமலை ஊரான நரினில் பலருக்குத் தெரியும். இருபத்தைந்து வருஷமாக வீடுகளுக்குச் சுண்ணாம்பு அடிப்பவள். பேச்சு குறைவு, வேலை சுத்தம். போன ஜனவரியில் அவள் வீடே பற்றிக்கொண்டது. அடுப்பருகே காய அடுக்கியிருந்த வறட்டியில் நெருப்புப் பிடித்துவிட்டது. அடுக்கியது அவள்தான். இங்கே எல்லாரும் அப்படித்தான் அடுக்குகிறோம்.

நெருப்பு முன்னறையோடு அணைந்தது. புகை உள்ளறைக்குப் போய், தூங்கிக்கொண்டிருந்த அவள் புருஷன் அசில்பெக்கைக் கொன்றது. அப்போது அவள் என் வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். கிளம்பியவளைப் பிடித்து உட்காரவைத்து இன்னொரு கோப்பை ஊற்றியது நான்.

அவள் அழவில்லை. அதைப் பற்றி ஊர் பேசியது. ஊருக்கென்ன, அழுதாலும் பேசும். உடலைக் குளிப்பாட்டியவர்களுக்கு அவர் உடுப்புகளைக் கொடுத்தார்கள். அதுதான் வழக்கம். உள்ளறை ஆணியில் தொங்கிய கோட்டும் படிந்த கரியோடு அவர்களிடம் போனது. அது தொங்கிய இடத்தில் மட்டும் சுவர் வெள்ளையாக இருந்தது. தோள், கை, கீழே கொஞ்சம் அகலம். சுற்றிலும் கறுப்பு.

இறந்தவர் பெயரில் வைக்கும் நாற்பதாம் நாள் விருந்துக்குள் வீடு தேறவேண்டும். ஈரத்துணியோடு போன என்னை வாசலிலேயே நிறுத்தினாள். ஈரம் பட்டால் கரி சுவருக்குள் இறங்கிவிடுமாம். கம்பளங்களைப் பனியில் கவிழ்த்துப் போட்டு அடித்தோம். பனி கறுத்தது; வேறிடத்துக்கு இழுத்துப் போட்டு மறுபடி அடித்தோம். பிறகு மாவைக் கெட்டியாகப் பிசைந்து உருண்டை பிடித்துச் சுவரில் ஒற்றத் தொடங்கினாள். ரொட்டியைக் கவிழ்த்துக்கூட வைக்காதவர்கள் நாங்கள்.

"மாவுல கரி துடைக்கறியே அக்கா, பாவம் இல்லையா?" என்றேன்.

"சாப்பிட ஆள் இல்லாத மாவுதானே," என்றாள்.

நாள்தோறும் ஒரு சுவர். கோட்டு தொங்கிய அந்தச் சுவரை மட்டும் தொடவில்லை. கரியைத் துடைத்தால் எல்லாம் வெள்ளையாகிவிடும், அந்த உருவமும் போய்விடும். அவர் விட்டுப்போனதில் அவளிடம் மிஞ்சியது அது ஒன்றுதான். நான் வேறு ஏதாவது பேசினால் தலையாட்டுவாள். காதில் விழுந்ததா என்று தெரியாது.

முப்பத்தெட்டாம் நாள் அசில்பெக்கின் அண்ணன் இமானாலி வந்தார். நல்ல மனிதர், நாக்குதான் கொஞ்சம் நீளம். "செத்தவன் நிழலைச் சுவத்துல வச்சுக்கிட்டு விருந்தாளிங்களை எப்படிம்மா உக்காரவைப்பே?" என்று கேட்டுவிட்டுப் போனார். மறுநாள் காலையில் அவள் மாவு பிசைந்தாள். கூரையோரத்தில் தொடங்கி, உருவத்தின் விளிம்பைச் சுற்றி விரல் அகலத்துக்குக் கறுப்பை விட்டுவிட்டு வேலை செய்தாள். கடைசியில் அதையும் துடைத்தாள். மேலே இரண்டு முறை சுண்ணாம்பு அடித்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை. என்னால்தான் பார்க்க முடியாமல் வெளியே வந்து அழுதேன்.

விருந்தன்று வீடு பளிச்சென்றிருந்தது. புகை நாற்றம்கூட இல்லை. எல்லாரும் அவள் கைவேலையைப் புகழ்ந்தார்கள். இமானாலி கோட்டைக் கழற்றி அந்த ஆணியில் மாட்டப் போனார்.

"மாமா, அதுல மாட்டாதீங்க," என்றாள் புர்மகான், தேநீர் ஊற்றிக்கொண்டே. "அவரு கோட்டு தொங்குது."

இமானாலி வெறும் சுவரைப் பார்த்தார். பிறகு தன் கோட்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, விருந்து முடியும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்.