கவர்னர் அறிவிக்கும் வரைக்கும்

அமெரிக்காவில் எனக்கு வாக்கும் இல்லை, விசாவும் இல்லை. போன தடவை எல்லையிலேயே திருப்பி அனுப்பப்பட்டவன் நான். அப்படியிருந்தும் அந்த நாட்டுக்கு ஒரு செனட்டரைத் தெரிவுசெய்ய, எல்லைக்கு இந்தப் பக்கம் வெக்ஸ்போர்ட் கோப்பிக் கடையில் ஒவ்வொரு காலையும் மெனக்கெட்டேன். இப்படியொரு முட்டாள் இந்த ஊரில் நான் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். எனக்கு எதிரே அண்ணையும் இருந்தார். அவருக்கு ஒரு காரணம் இருந்தது.

அண்ணை கடிதம் தரம்பிரிக்கும் வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர். மனைவி இறந்த பிறகு அஜக்ஸ் நகர வீட்டில் தனியாக இருந்தார். பேச்சுத் துணைக்காக நெடுஞ்சாலை நெரிசலில் கார் ஓட்டிக்கொண்டு எங்கள் மேசைக்கு வருவார். ஏரிக்கு அப்பால் அமெரிக்காவில், தேர்தலுக்குத் தேர்தல் கட்சி மாறிச் சாயும் ஒரு மாநிலத்தில் செனட்டர் காலமாகி, அவருடைய கதிரை வெறுமையாகக் கிடந்த நேரம் அது. மாநிலத்தின் பெயரை எழுதினால் அங்கிருப்பவர்கள் என்னிடம் நட்டஈடு கேட்பார்கள். அடுத்த தேர்தல் வரைக்கும் அந்தக் கதிரையில் யாரை இருத்துவது என்பது கவர்னரின் முடிவு. கவர்னருக்கு முன்பே நாங்கள் முடிவெடுத்தோம். ஒரு நாள் முன்னாள் நகரபிதாவை நியமிப்பேன். மறுநாள் அவரை விலக்கிவிட்டு இறந்தவரின் மனைவியை இருத்துவேன்.

"கொண்டோ போர்ட் எலெக்சனிலயே உனக்கு உன்ரை மனிசி வோட் போடேல்லை. நீ செனட்டர் பிடிக்கிறியோ?" என்பார் அண்ணை.

உண்மைதான். எங்கள் அடுக்குமாடி நிர்வாகக் குழுத் தேர்தலில் எதிராளி லிஃப்டைத் திருத்தித் தருவதாகச் சொல்லியிருந்தான்.

ஆனால் அந்த மாநிலத்தை எங்களில் அறிந்தவர் அவர்தான். எங்கே பனி கொட்டியது, எந்தத் தொழிற்சாலை மூடப்பட்டது, எல்லாம் சொல்லுவார். அவருடைய ஒரே மகள் விரும்பியவனைக் கட்டிக்கொண்டு அங்கே போனவள். அண்ணை கலியாணத்துக்குப் போகவில்லை. அதன்பிறகு இருவருக்கும் பேச்சில்லை.

எங்கள் ஆண்களுக்கு மன்னிப்புக் கேட்க வாய் வராது. அரசியல் என்றால் பகையாளிக்கும் போன் எடுப்போம். அதை நம்பித்தான் யோசனை சொன்னேன்.

"அண்ணை, பிள்ளைக்குப் போன் அடியுங்கோ. சுகமோ எண்டெல்லாம் கேக்க வேண்டாம். உங்கடை கவர்னர் ஆரைப் போடுவார் எண்டு மட்டும் கேளுங்கோ. மிச்சம் தன்ரை பாட்டில வரும்."

அவர் சிரிக்கவில்லை. கோப்பி ஆறும்வரை யோசித்தார்.

"ஓம், கேக்கலாம்தான்."

அன்றிலிருந்து தினமும் ஒத்திகை. நான்தான் மகள். குரலை மெலிதாக்கி "ஹலோ" என்பேன். மேசை விழுந்து விழுந்து சிரிக்கும். அவர் மட்டும் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பிள்ளை எண்டு தொடங்கவோ, பேரைச் சொல்லவோ?" என்று கேட்பார். பிறகு, "நாளைக்கு எடுக்கிறன்" என்று போனைச் சட்டைப் பைக்குள் வைப்பார்.

ஒரு காலை கவர்னர் அறிவித்துவிட்டார். நாங்கள் ஒருவரும் நினைத்தே பார்க்காத ஒரு நீதிபதி. தந்தி கொண்டுவருபவன்போலக் கடைக்குள் ஓடினேன். "அண்ணை, சீற் முடிஞ்சுது! நாங்கள் எல்லாரும் தோல்வி!"

அவர் கையில் போன் இருந்தது. திரையில் மகளின் எண். அதை அணைத்து மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"இனி என்னத்தைக் கேக்கிறது?"

இடைத்தேர்தலைக் கேளுங்கோ, வரியைக் கேளுங்கோ என்று எத்தனையோ எடுத்துக் கொடுத்தேன். ஒன்றும் எடுபடவில்லை. குளிர் தொடங்கியதும் அவர் வருவது குறைந்தது. பிறகு மாரடைப்பு. வீட்டிலேயே முடிந்துபோனார்.

உடலைப் பார்வைக்கு வைத்திருந்த மலர்ச்சாலைக்கு மகள் வந்திருந்தாள். அவளுடைய ஒன்றுவிட்ட சகோதரன் முகநூலில் தேடிச் செய்தி அனுப்பினானாம். பெட்டிக்குப் பக்கத்தில் தனியாக நின்றாள். என் வாய் சும்மா இருக்குமா? ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, ஒத்திகை உட்பட எல்லாவற்றையும் ஒப்புவித்தேன்.

"அப்பா உங்களுக்கு எடுக்கத்தான் இருந்தவர், பிள்ளை. அங்கை ஸ்னோ கொட்டினா, ரோட்டில எப்பிடிப் போறாளோ எண்டு இஞ்சை இருந்து கவலைப்படுவார். அவ்வளவு தூரம் எண்டுதான் நேரை வர யோசிச்சவர்."

அவள் அவருடைய முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நான் நாலு வருசமா அஜக்ஸுக்குப் பக்கத்தில, ஒஷாவாவில இருக்கிறன், அங்கிள்."