இரண்டு தலை நாயை அழிக்கச் சொன்னார்கள்

1. எல்லாப் படத்திலும் நாய்

"மேடம், படமெல்லாம் பிரமாதம். ஆனா அந்த நாய்ங்களை மட்டும் தூக்கிருங்க."

ஜூஜுவாடிப் பக்கம் வண்டி உதிரி பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியின் அட்மின் மேனேஜர் பாஸ்கர் சார் என்னிடம் இப்படிச் சொன்னபோது, திறப்பு விழாவுக்கு ஒரு வாரம்தான் இருந்தது.

நான் ஓசூரில் ஒரு ஸ்டுடியோவில் பழைய படங்களைச் சரிசெய்யும் வேலை பார்க்கிறேன். செல்லரித்த கல்யாணப் படம், பூஞ்சை பிடித்த பாஸ்போர்ட் படம், மழையில் ஊறிய ஆல்பம் எல்லாம் என் மேஜைக்குத்தான் வரும். ஸ்கேன் செய்து, கறையை எடுத்து, கிழிசலை ஒட்டி, புதுப் பிரிண்ட் போட்டுக் கொடுப்பேன். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள் நான். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றையும் ஒரே வாக்கியத்தில் பேசும் வாடிக்கையாளர்களோடு பழகி, இப்போது ஊருக்குப் போனால் என் அக்காவே "நீ பேசுறது எந்த ஊருப் பேச்சுடி?" என்று கேட்கிறாள்.

அந்தக் கம்பெனி புதிதாகக் கட்டிய கட்டடத்தின் வரவேற்பு அறையில், இந்த வட்டாரத்தின் அந்தக் கால வாழ்க்கையைக் காட்டும் படங்களை வைக்க விரும்பினார்கள். நான் வீடு வீடாகப் போய்ப் படங்களைக் கடன் வாங்கி வந்தேன். மத்தூர்ச் சந்தை, மாட்டு வண்டி, கிணற்றடி, டீக்கடை, ராகிக் களம். பெரிதாக்கித் திரையில் போட்ட பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரு நாய் இருந்தது.

யாரும் கூப்பிட்டு நிற்க வைத்த நாய்கள் அல்ல. கல்யாணக் கோஷ்டியில் மாப்பிள்ளையின் காலடியில் ஒன்று சுருண்டு கிடந்தது. சந்தையில் தக்காளிக் கூடைக்குப் பின்னால் ஒரு வால் மட்டும் தெரிந்தது. பஸ் நிற்கும் இடத்தில் எடுத்த படத்தில் அத்தனை பேரும் ஆளுக்கொரு திசையில் பார்க்க, கேமராவை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தது நாய் மட்டும்தான்.

"வெளிநாட்டு கஸ்டமர் வர்றாங்க மேடம். எங்க பார்த்தாலும் தெருநாயா இருந்தா என்ன நினைப்பாங்க? அதுவும் இந்தப் படம்... இது என்னங்க, ரெண்டு தலையோட?"

2. ரெண்டு தலை

அவர் விரல் வைத்த படம்தான் வாசலுக்கு எதிர்ச் சுவர் முழுக்க வரவேண்டியது. தேன்கனிக்கோட்டைக்கு உள்ளே ஒரு கிராமத்தில் நாகம்மா என்பவரின் வீட்டிலிருந்து வாங்கி வந்தேன். ராகிக் களத்தில் ஒரு பெண் முறத்தோடு நிற்கிறாள். பக்கத்தில் மூன்று ஆண்கள். களத்தின் நடுவே ஒரு நாய். உடம்பு ஒன்று, தலை இரண்டு. முறம் வைத்திருந்த பெண் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் காலப் படங்களில் சிரிப்பது அபூர்வம். கேமரா முன் நின்றால் தபால் தலையில் இருப்பவர்கள்போல விறைத்துக்கொள்வார்கள். கம்பெனி எம்.டி. அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் பெரிய சுவருக்கு இந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்தார் என்று சொன்னார்கள். பிரிண்ட்டும் நல்ல பிரிண்ட். சுவர் அளவுக்குப் பெரிதாக்கினாலும் புள்ளி புள்ளியாக உடையாது. வேறு எந்தப் படத்துக்கும் அந்தத் தெம்பு இல்லை.

இரண்டு தலை வந்ததற்குப் பேய் பிசாசு காரணமில்லை. ஷட்டர் மெதுவாகத் திறந்து மூடும் நேரத்தில் நாய் தலையை ஆட்டியிருக்கிறது. பாஸ்கர் சாரிடம் அதைச் சொன்னேன்.

"எனக்குப் புரியுது மேடம். சுவத்துல பார்க்கிறவங்களுக்கு யாரு போய்ச் சொல்றது?"

எங்கள் ஸ்டுடியோ முதலாளி மஞ்சுநாத்துக்கு இது பெரிய ஆர்டர். "ஏனம்மா, எத்தனையோ பேருக்கு முகத்துல பருவை எடுத்துக் குடுத்திருக்கே. நாயை எடுக்கறதுக்கு என்ன?" என்றார்.

சரி என்று ஒரு நகலில் முயன்று பார்த்தேன். குளோன் டூலை வைத்துப் பக்கத்திலிருந்த மண்ணை எடுத்து நாயின் மேல் பூச வேண்டும், அவ்வளவுதான். மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிட்டது. சுத்தமான வேலை, அங்கே நாய் இருந்ததென்று சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டார்கள்.

ஆனால் படம் கெட்டுப்போயிருந்தது. ஒரு பெண் வெறும் தரையைப் பார்த்துச் சிரிக்கிறாள். மூன்று ஆண்களும் அதே வெறும் தரையைப் பார்க்கிறார்கள். மஞ்சுநாத் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று பார்த்தார்.

"அய்யோ, அந்த அம்மாவுக்குப் புத்தி சரியில்லாத மாதிரி ஆயிடுச்சே" என்றார்.

3. நாய்க்குத் தெரிந்த பாஷை

படத்தின் சொந்தக்காரரிடம் கேட்காமல் மாற்றக்கூடாது என்பது எங்கள் கடை வழக்கம். நாகம்மாவுக்கு போன் போட்டேன்.

"நாய எடுக்கறீங்களா? அப்ப படத்த குடுத்துடுங்க" என்று சொல்லி போனை வைத்துவிட்டார்.

எம்.டி. தேர்ந்தெடுத்த படம் கைவிட்டுப் போகிறது என்றதும் பாஸ்கர் சார் தானே வந்து பேசுவதாகச் சொன்னார். கம்பெனிக் காரில் நானும் போனேன். கார் நாகம்மா வீட்டு வாசலில் நின்றதும் ஒரு பழுப்பு நாய் பாய்ந்து வந்து பாஸ்கர் சார் பக்கத்துக் கதவை மறித்துக்கொண்டது.

"போ, போ" என்றார் பாஸ்கர் சார், கண்ணாடியை ஒரு விரல்கடை இறக்கி. அசையவில்லை. "கோ! கோ!" என்றார். அதற்கும் உறுமியது.

உள்ளேயிருந்து நாகம்மா "ரா இக்கட!" என்று ஒரு குரல் கொடுத்தார். நாய் வாலைச் சுருட்டிக்கொண்டு போய் அவர் காலடியில் படுத்தது.

"அதுக்குத் தெலுங்கு மட்டுந்தான் தெரியும் சாரு. பயப்படாம வாங்க."

நாகம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். பேசும்போது வாயைக் கையால் மறைத்துக்கொள்வார். மோர் கொடுத்தார். பாஸ்கர் சார் ரொம்ப மரியாதையாக ஆரம்பித்தார். உங்கள் அம்மாவின் படம் பெரிய இடத்தில் வரப்போகிறது, நாய் மட்டும்தான் கொஞ்சம் உறுத்தலாக இருக்கிறது என்றார். நாகம்மா முகம் கொடுக்கவில்லை. பாஸ்கர் சாருக்கு வேறு யோசனை வந்தது.

"அம்மா, ஒண்ணு பண்ணலாம். அந்த எடத்துல வேற நாய் வச்சிரலாம். நல்ல ஜாதி நாயா, ஒரே தலையோட."

நாகம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"உங்க ஊட்டுப் படத்துல உங்கப்பன எடுத்துட்டு, நல்ல கலரா வேற ஒரு அப்பன வச்சிக் குடுத்தா ஒத்துக்குவீங்களா சாரு?"

எனக்குச் சிரிப்பு முட்டியது. மோரைக் குடிப்பதுபோல முகத்தை மறைத்துக்கொண்டேன். பாஸ்கர் சார் காது சிவந்துவிட்டது.

பிறகு நாகம்மாவே சொன்னார். படம் எடுத்தவர் ஊருக்கு வந்து போய்க்கொண்டிருந்த மாட்டு டாக்டர். எல்லாரையும் களத்தில் வரிசையாக நிறுத்தியிருக்கிறார். அம்மா கூச்சத்தில் குனிந்தே நின்றாராம்.

"ராகித் தூசி மூக்குல ஏறி நாய் தும்மிடுச்சி. சாதாரணத் தும்மல் இல்ல, முன்னாடி விழுந்து பொரண்டு எழுந்து தலைய ஒதறுச்சாம். எங்கம்மா சிரிச்சிட்டாங்க. டாக்டரு அப்பப் பாத்து அமுக்கிட்டாரு. எங்கப்பா சாவற வரைக்கும் இதச் சொல்லிக்கினே இருந்தாரு. எனக்கு அம்மாவத் தெரியாது சாரு. நான் கைக்குழந்தையா இருக்கச் சொல்லவே போயிட்டாங்க. எனக்கு இருக்கறது இந்த ஒரு சிரிப்புதான். அத வரவச்ச நாய என்னாத்துக்கு எடுக்கணும்?"

பாஸ்கர் சார் மோர் டம்ளரைக் கீழே வைத்தார். "நாய் பேரு என்னம்மா?" என்றார்.

"அப்பா சொல்லல. நானும் கேக்காம வுட்டுட்டேன்."

திரும்பும் வழியில் ஓசூர் எல்லையைத் தொட்டதும், "மேடம், மத்தப் படத்து நாயெல்லாமும் அப்படியே இருக்கட்டும்" என்றார். "எம்.டி.கிட்ட நான் பேசிக்கிறேன். சமாளிச்சுக்கலாம்."

4. சுவர் அளவு

சமாளித்துவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். திறப்பு விழாவில் வெளிநாட்டுக்காரர்கள் அந்தச் சுவர் முன்னால் வந்து நின்று, நாயைக் காட்டி ஏதோ கேட்டார்கள். பாஸ்கர் சார் ஆங்கிலத்தில் விளக்கம் சொன்னார். போதவில்லை. கோட்டும் டையுமாக நின்ற மனுஷர், மூக்கைச் சுளித்து, தலையை உதறி, ஒரு பெரிய தும்மல் தும்மிக் காட்டினார். சிரிப்பு அறை முழுக்கப் பரவியது. ஷிப்ட் மாறி வந்த தொழிலாளர்கள் படம் படமாகப் போய் நாய்களுக்குப் பேர் வைக்க ஆரம்பித்தார்கள். தமிழ் தெரியாத வடக்கத்திப் பையன் ஒருவன் தக்காளிக் கூடைக்குப் பின்னால் தெரிந்த வாலை செல்போனில் படமெடுத்து வீட்டுக்கு அனுப்பினான்.

நாகம்மாவைக் கூட்டிவர பாஸ்கர் சார் காரே அனுப்பியிருந்தார். அவர் பட்டுப் புடவையில் வந்து, சுவருக்கு ரொம்பப் பக்கத்தில் போய் நின்றார். வீட்டில் இருந்தது உள்ளங்கை அளவுப் படம். இங்கே அம்மாவின் முகம் மட்டுமே ஒரு முறம் அளவுக்கு இருந்தது. கையை எடுத்து, தொடலாமா என்று என்னைப் பார்த்தார். தொடுங்கள் என்று தலையசைத்தேன்.

வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, எங்கம்மாவுக்கு முன்பல்லு ஒண்ணு ஒன்னொண்ணு மேல ஏறிக்கினு இருந்திருக்குது, பாத்தியா? அந்தச் சின்னப் படத்துல இது தெரியல." தன் உதட்டை விரலால் தூக்கிக் காட்டினார். "எனக்கும் அப்படியே. யாரு மாதிரி யாரு மாதிரின்னு ஊர்ல எல்லாரும் கேப்பாங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தார். கையால் வாயை மூடிக்கொள்ளவில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். அழிப்பது சுலபம். ஒரு மத்தியானத்தில் எதை வேண்டுமானாலும் அழித்துவிடலாம். அதற்கு முன்னால், படத்தில் இருப்பவர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்று ஒரு தடவை பாருங்கள். அவர்கள் பார்த்துக்கொண்டிருப்பதில் மட்டும் கை வைக்காதீர்கள்.