பம்பரமும் சூட்டுப்பெட்டிச் சாவியும்

என் மனைவிக்குப் பம்பரம் என்று பட்டம் வைத்த புண்ணியவான் நான்தான். ஓரிடத்தில் உட்காரமாட்டாள். அடுப்பில் சோறு வேகும்போது நாலு தடவை மூடியைத் திறப்பாள்.

நான் எலக்ட்ரீஷியனாக இருக்கும் ஆய்வுக்கூடத்தில்தான் அவளும் சவ்வு வார்க்கிறாள். ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் எடுக்கும் கலத்துக்கு நடுவில் வைக்கிற சவ்வு. பாலிமர் கரைசலில் தூசியைவிடப் பொடியான சிலிக்காத் துகளைக் கலக்கி, கண்ணாடித் தட்டில் ஊற்றி, சூட்டுப்பெட்டிக்குள் இரண்டு நாள் காயவிட வேண்டும். இடையில் கதவைத் திறந்தால் குளிர்காற்று பட்டுத் துகள் திரண்டுவிடும். வெள்ளைப் புள்ளி விழுந்த சவ்வு குப்பைக்குத்தான்.

இரண்டு முறை அவளே திறந்து பார்த்துக் கெடுத்திருந்தாள். மூன்றாவதும் போனால் கிடங்கு வேலைக்கு மாற்றிவிடுவேன் என்று ஆய்வுத் தலைவர் சொல்லிவிட்டார். சவ்வு அறைதான் அவளுக்கு உயிர்.

இந்த முறை பெட்டியைப் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்தாள். "நான் கெஞ்சினாலும் அழுதாலும் குடுக்காதீங்க."

"சாவிய நான் முழுங்கினாத்தான் நீ சும்மா இருப்ப" என்றேன். கேண்டீனிலும் அதைச் சொல்லிச் சிரிக்கவைத்தேன்.

அவள் கேட்கவே இல்லை. வீட்டை இரண்டு தடவை கழுவினாள், அலமாரியைக் கலைத்துக் கலைத்து அடுக்கினாள், சாவியை மட்டும் கேட்கவில்லை. அரிப்பு எனக்குத்தான் வந்தது. மறுநாள் மதியம் சவ்வு அறையில் ட்யூப்லைட் மாற்றப் போனேன். நன்றாகக் காய்கிறது என்று அவளிடம் ஒரு நல்ல வார்த்தை சொல்லலாமே என்று நினைத்தேன். பாழாய்ப்போன கை. ஒரு விரலளவு திறந்து உடனே மூடிவிட்டேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி கதைதான்.

இரண்டு நாள் முடிந்து தலைவர் முன்னால் அவள் தட்டை வெளியே எடுத்தபோது ஓரம் முழுக்க வெள்ளைப் புள்ளி.

"நான் தொறக்கலையே சார்" என்றாள்.

நான் ஒளிக்காமல் சொல்லிவிட்டேன். "நான்தான் சார் தொறந்தேன்."

தலைவர் சிரித்தார். "பொண்டாட்டியக் காப்பாத்தப் பாக்காதீங்க. சாவிய உங்ககிட்ட கெஞ்சி வாங்கியிருப்பாங்க. அவங்களப் பத்தி நீங்க சொல்லாத கதையா?" எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அவர் நம்பவில்லை; மறுநாளிலிருந்து அவளுக்குக் கிடங்கு வேலை என்றார்.

வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. அப்படி ஒரே இடத்தில் அவளைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. நானே சோறு வைத்தேன். பொங்கி வழிந்தது.

"கொஞ்சம் எந்திரிச்சு வந்து பாரும்மா" என்றேன்.

"நீங்களே தொறந்து பாருங்க" என்றாள்.